ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும்? எடைக் குறைப்பு மருந்துகள் பற்றிச் சில குறிப்புகள்

கொஞ்ச நாள் முன்னாடி அக்கா போன் பண்ணினாள். பெரியப்பா மகள். வயது 46, பள்ளி ஆசிரியை. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. இரண்டு வருடமாக முட்டி வலி. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை விடுவதே இல்லை. சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கூடவே, "வாரம் ஒரு ஊசி இருக்கும்மா, யோசிச்சுப் பாருங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

"நீதான் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்கிறவன். போடலாமா, வேண்டாமா? ஒரே வரியில சொல்லுடா" என்றாள்.

"ரெண்டு நாள் டைம் குடுக்கா" என்றேன். ரெண்டு நாள் மூன்று வாரமாகிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள அட்டவணைகளைப் பொறுமையாகப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

இந்த மருந்துகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு கட்சிக்கு இது அதிசயம். இன்னொரு கட்சிக்கு இது சோம்பேறிகளின் குறுக்கு வழி. இரண்டு பேருமே முதல் வருடத்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். எனக்கு உறுத்தியது இரண்டாவது வருடம்.

பல்லியிலிருந்து வந்த மருந்து

சாப்பிட்டவுடன் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கணையத்திடம் இன்சுலின் கேட்கும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். ஆனால் ரத்தத்தில் அதன் ஆயுள் இரண்டு நிமிடம்தான். இவ்வளவு சீக்கிரம் அழிகிற ஒன்றை மருந்தாக்க முடியாது.

1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற அமெரிக்க ஆய்வாளர், கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் நஞ்சில் இதே மாதிரி வேலை செய்கிற, ஆனால் சீக்கிரம் அழியாத ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்ஸெனடைடு 2005இல் சர்க்கரை நோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப் பின் தினமும் போடும் லிராக்ளூடைடு, வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு என்று வரிசையாக வந்தன. செமாக்ளூடைடு 2017இல் சர்க்கரைக்காக ஓசெம்பிக் என்ற பெயரிலும், 2021இல் கூடுதல் அளவில் உடல் பருமனுக்காக வீகோவி என்ற பெயரிலும் அனுமதிக்கப்பட்டது. இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் சேர்த்துச் செய்கிற டிர்செபடைடு, அதாவது மௌஞ்சாரோ, 2022இல் வந்தது.

போட்டவர்கள் பலர் சொல்வது, பசி குறைந்தது என்பதை விட, சாப்பாட்டைப் பற்றிய ஓயாத நினைப்பு நின்றுபோனது என்பதைத்தான். பத்து மணிக்கே மதியச் சாப்பாடு மனதில் ஓடுமே, அது.

வாக்குறுதி எவ்வளவு உண்மை?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிசு.

செமாக்ளூடைடின் முக்கியமான ஆய்வு ஸ்டெப்-1, 2021இல் வெளியானது. 1,961 பேர், 68 வாரம். மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இரண்டு குழுவுக்கும் உணவு, நடைப்பயிற்சி ஆலோசனை உண்டு என்பதைக் கவனிங்க. அதாவது "டயட் இருந்தா போதும், ஊசி எதுக்கு" என்று சொல்கிறவர்களுக்கு இந்த 2.4 ஒரு பதில்.

ஆனால் சராசரியை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். அதே ஆய்வில் மூன்றில் ஒருவர் 20 சதவீதத்துக்கும் மேல் இளைத்தார். இன்னொரு பக்கம், சுமார் 14 சதவீதம் பேருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. ஒரே ஊசி, ஒரே கால அளவு. யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் வருகிறவர் எப்போதும் அந்த மூன்றில் ஒருவர்தான்.

அடுத்து இதயம். செலக்ட் என்ற ஆய்வு 2023இல் வந்தது. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்ட, எடை கூடிய, சர்க்கரை இல்லாத 17,604 பேர். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தது என்பது தலைப்புச் செய்தி. உள்ளே போனால், மருந்து எடுத்தவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு அது நடந்தது, எடுக்காதவர்களில் 8 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் 1.5. சுமார் 67 பேருக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஊசி போட்டால் ஒருவர் தப்பிக்கிறார் என்று கணக்கு. இது சின்ன விஷயம் இல்லை. அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். ஆனால் "20 சதவீதம்" என்று கேட்கும்போது மனதில் வருகிற படமும், 67இல் ஒன்று என்று கேட்கும்போது வருகிற படமும் வேறு வேறு. இன்னொன்று, இந்த ஆய்வில் முக்கால்வாசி ஆண்கள், எல்லோருக்கும் இதய நோய் வந்தாகிவிட்டது. அக்காவுக்கு இதில் பதில் இல்லை.

அக்காவுக்குப் பதில் தருவது 2024இல் வந்த ஸ்டெப்-9. உடல் பருமனும் முட்டித் தேய்மானமும் உள்ள 407 பேர், பெரும்பாலும் பெண்கள். 100க்கு அளக்கிற வலி அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கு 41.7 புள்ளி குறைந்தது. சாதாரண முட்டி மாத்திரைகளோடு ஒப்பிட்டால் இது அசர வைக்கிற எண். அட்டவணையின் அடுத்த நெடுவரிசையையும் பார்க்கணும். வெறும் ஊசி போட்டவர்களுக்கும் 27.5 புள்ளி குறைந்திருக்கிறது. ஆக மருந்தின் சொந்தப் பங்கு சுமார் 14. மீதி, ஆலோசனை, உடற்பயிற்சி, யாரோ கவனிக்கிறார்கள் என்ற தெம்பு, காலப்போக்கில் தானே குறைகிற வலி எல்லாம் சேர்ந்தது.

இந்த மூன்று ஆய்வுக்கும் பணம் கொடுத்தது மருந்தைத் தயாரிக்கிற நோவோ நோர்டிஸ்க். அதனால் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்பதில் அதற்குப் பங்கு உண்டு.

வயிறு, பித்தப்பை, தசை

பக்க விளைவு என்றதும் எல்லோரும் குமட்டலைத்தான் சொல்வார்கள். ஸ்டெப்-1இல் மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்குக் குமட்டல், 25 சதவீதம் பேருக்கு வாந்தி. பெரும்பாலும் அளவைக் கூட்டுகிற நாட்களில் வந்து போகிறது. வயிற்றுத் தொல்லையால் ஆய்வையே விட்டவர்கள் 4.5 சதவீதம். பித்தப்பைத் தொல்லை 2.6 சதவீதம், மற்றவர்களுக்கு 1.2. கணைய அழற்சி அபூர்வமாக வருகிறது. பார்வை நரம்புக்கு ரத்தம் தடைபடுகிற ஒரு கோளாறு, 10,000 பேரில் ஒருவர் வரை வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் முடிவு சொன்னது. எலிகளில் தைராய்டு கட்டி வந்ததால், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் இதைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கை மருந்தின் மேலேயே இருக்கிறது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே செமாக்ளூடைடை நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு மிச்சம் இருக்கக்கூடும்.

இவை எல்லாம் தெரிந்த கணக்கு. நம் ஆட்களுக்கு நான் முக்கியமாக நினைப்பது வேறு: தசை.

ஸ்டெப்-1இல் 140 பேருக்கு மட்டும் உடலின் கொழுப்பையும் கொழுப்பல்லாத பகுதியையும் ஸ்கேனில் அளந்தார்கள். குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத பகுதி. அது முழுக்கத் தசை இல்லை, நீரும் மற்ற உறுப்புகளும் அதில் சேரும். பட்டினி கிடந்து இளைத்தாலும் தசை கொஞ்சம் போகத்தான் செய்யும். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி எடை 105 கிலோ. அவர்களுக்குத் தாங்கும்.

நமக்கு? 2004இல் லான்செட் இதழில் ஒரே பக்கத்தில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு. இந்திய உடல் என்பது பெரும்பாலும் இதுதான். அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 25 தாண்டினாலே பருமன் என்று இந்திய மருத்துவர்கள் தனி வரையறை வைத்திருக்கிறார்கள்.

தொடக்கத்திலேயே தசை குறைவாக உள்ள ஒருவர், சைவம், பருப்பும் முட்டையும் தட்டில் ஓரமாக இருக்கிற வீடு, இதில் பசியும் போய்விட்டால்? அரைத் தட்டுச் சோறு ரசத்தோடு முடிந்துவிடும். எடை இறங்கும். அக்கா கணக்கில், 74 கிலோவில் 15 சதவீதம் என்றால் 11 கிலோ. அதில் 4 கிலோவுக்கு மேல் கொழுப்பல்லாத பகுதி. முட்டியைத் தாங்குவதே தொடைத் தசைதான்.

இரண்டாவது வருடம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டெப்-1 முடிந்ததும் ஊசியை நிறுத்தி, 327 பேரை இன்னும் ஒரு வருடம் கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு போன்றவற்றில் கிடைத்த முன்னேற்றமும் பெரும்பாலும் பழைய இடத்தை நோக்கிப் போனது. ஸ்டெப்-4 என்ற இன்னொரு ஆய்வில் 20 வாரம் கழித்துப் பாதிப் பேருக்கு மேல் தொடர்ந்து கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வெறும் ஊசிக்கு மாற்றினார்கள். தொடர்ந்தவர்கள் மேலும் 7.9 சதவீதம் இளைத்தார்கள். மாற்றப்பட்டவர்கள் 6.9 சதவீதம் ஏறினார்கள்.

இதற்கு ஒரு கட்சி சொல்லும் பதில்: "பிரஷர் மாத்திரையை நிறுத்தினாலும் பிரஷர் ஏறத்தானே செய்யும்? அதைக் குறை என்று சொல்வீங்களா?" நியாயமான பதில். உடல் பருமன் நாள்பட்ட நோய் என்றால் மருந்தும் நாள்பட்டதாகத்தான் இருக்கும். நான் இதை ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் அதை முதல் நாளே சொல்லித் தொடங்க வேண்டும். "ஆறு மாசம் போட்டுப் பாருங்க" என்பதும் "இது நாள்பட்ட சிகிச்சை" என்பதும் ஒன்றாகப் பொருந்தாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் இந்த வகை மருந்தைத் தொடங்கிய 1.25 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2025இல் வந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். மருந்தின் பலன் தொடர்ந்து போட்டால்தான். போடுகிறவர்களில் பெரும்பாலோர் தொடர்வதில்லை. ஆய்வில் வருகிற 14.9க்கும் தெருவில் நடப்பதற்கும் இடையில் உள்ள பள்ளம் இதுதான்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்பதில் பணத்துக்குப் பெரிய பங்கு. இந்தியாவில் மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். வாரம் ஒன்று. நான்கு வாரத்துக்கு 14,000 முதல் 17,500. பிரஷர் மாத்திரையோடு ஒப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக்கு ஆயுள் 2026 மார்ச் வரைதான். அதற்குப் பின் உள்ளூர் நிறுவனங்கள் போட்டி போட, விலை இறங்கும் வழி திறக்கிறது. அது நல்ல செய்தி. அதே சமயம், விலை இறங்க இறங்க, கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் ஐந்து கிலோ குறைக்க நினைக்கிறவர்களும் வருவார்கள். தசையை இழந்து, நிறுத்தி, எடை திரும்பி வரும்போது போன தசை அதே விகிதத்தில் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. எடைக்கருவியில் பழைய எண், உடம்பில் பழையதைவிடக் கூடுதல் கொழுப்பு என்று முடிந்தால் அது நஷ்டம்.

உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த மருந்துகளை நீண்டகாலச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. ஆனால் நிபந்தனையோடு. நீண்டகாலப் பாதுகாப்பு பற்றிய தரவு போதாது, நிறுத்தினால் என்ன என்பது தெளிவில்லை, விலை, எல்லோருக்கும் கிடைக்குமா என்பன காரணங்கள். இரண்டு கட்சியைவிடவும் இது நிதானமான குரல்.

பழைய பாவங்கள்

எடைக் குறைப்பு மருந்துகளின் வரலாறு பயமுறுத்தும். 1930களில் டிஎன்பி, கண்புரையும் மரணமும். 1997இல் ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வைக் கெடுத்ததால் திரும்பப் பெறப்பட்டது. ரிமோனபான்ட் மனச்சோர்வால் போனது, சிபுட்ரமின் 2010இல் இதயத்தால் போனது. இதைக் காட்டி, "இதுவும் அப்படித்தான் ஆகும்" என்கிறார்கள்.

எனக்கு இந்த வாதம் பாதிதான் பிடிக்கிறது. ஜிஎல்பி-1 குடும்ப மருந்துகள் 2005இலிருந்து சர்க்கரை நோயாளிகளிடம் புழங்குகின்றன. பழைய மருந்துகள் இதயத்தைக் கெடுத்தன, இவை இதயத்தைக் காப்பாற்றியதாக ஆய்வே இருக்கிறது. ஆனால் கூடிய அளவில், சர்க்கரை இல்லாத நாற்பது வயதுக்காரர் முப்பது வருடம் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு யாரிடமும் தரவு இல்லை. முப்பது வருடம் இன்னும் ஆகவில்லையே.

"குறுக்கு வழி" கட்சிக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் கடும் உழைப்பால் இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. அவர்கள் உடல் ஓய்வில் செலவழிக்கிற சக்தி, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. அதாவது உடல் பழைய எடைக்காகப் போராடுகிறது. மன உறுதி இல்லை என்று திட்டுவதால் அந்த 500 கலோரி திரும்பி வராது.

அக்காவிடம் என்ன சொன்னேன்

சர்க்கரை பயத்துக்கு ஊசிதான் ஒரே வழி என்று இல்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்த தடுப்பு ஆய்வு 2006இல் வந்தது. எல்லோரும் அக்கா மாதிரி எல்லைக்கோட்டில் நின்றவர்கள். நடை, உணவு மாற்றத்தால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடைக்கருவி நகராவிட்டாலும் உடம்பு நல்லதை வாங்கிக்கொள்கிறது.

முட்டிக்கு ஊசி உதவலாம். ஆனால் தசைப் பயிற்சி இல்லாமல் வேண்டாம். டென்மார்க்கில் லிராக்ளூடைடோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள், நிறுத்திய ஒரு வருடம் கழித்தும், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடக் குறைவாகவே எடை கூடினார்கள். நிறுத்தப்போகிறவருக்கு இதுதான் கையில் இருக்கிற ஒரே காப்பீடு.

கடைசியில் ஒரு தாளில் நான்கு கேள்வி எழுதிக் கொடுத்தேன். எத்தனை வருடத் திட்டம்? மூன்று நான்கு மாதத்தில் 5 சதவீதம் குறையாவிட்டால் என்ன செய்வோம்? தசையை எப்படிக் காப்பாற்றுவது, புரதம் எவ்வளவு? நிறுத்தும்போது எப்படி நிறுத்துவது? டாக்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, அரை மணி நேரம் பேசினாராம்.

நான் வேண்டாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் போன் பண்ணினாளோ என்னவோ. என் சாய்வு ஆறு மாதம் தொடைப் பயிற்சி, பிறகு பார்க்கலாம் என்பதுதான். சொன்னேன். "படிக்கட்டு ஏறுறது நீயா நானா?" என்றாள். ஊசி தொடங்கிவிட்டாள். கூடவே வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. இரண்டு வருடச் செலவைக் கணக்குப் போட்டுத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். அதற்கு மேல் முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்போது ஐந்தாவது வாரம். காலையில் குமட்டுகிறதாம். பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. "ஸ்டாஃப் ரூம்ல டயட்னு சொல்லியிருக்கேன். ஊசின்னு சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்கடா" என்றாள். முட்டி வலிக்கு மாத்திரை போட்டபோது அவள் யாரிடமும் மறைக்கவில்லை.